ஐம்பத்திநாலு கிலோ

அவளிட்டைத் தோத்த முதல் ஆள் நான்தான்.
அதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.
வவுனியாத் தெரிவுப்போட்டி, ரெண்டாம் சுற்று.
ஒரு இடக்கை வந்துது.
பிறகு கூரை விளக்கு மட்டும் தெரிஞ்சுது,
மூக்குக்குள்ளை இரும்பு மணம்.

வேலாயுதம் கம்சிகா.
முத்தையன்கட்டு, இடதுகரை.
இடதுகரைக்காரி இடக்கைக்காரியாத்தானே இருப்பாள் எண்டு
நாங்கள் பகிடி விடுவம்.
அவள் சிரிக்கமாட்டாள்.
பத்து வயதிலை வலது தோளுக்குள்ளை போன செல் துண்டு
போன வழியாலை திரும்பி வரேல்லை.
கொப்பி எழுத, வாளி தூக்க, தலை இழுக்க
மற்றக் கை பழகிச்சுது.
கலியாண வீட்டிலை சோத்தை அந்தக் கையாலை அள்ளி
பந்தியிலை ஏச்சு வாங்கினவள்.
எழும்பேல்லை. தின்டு முடிச்சாள்.

யூரியாப் பையிலை உமியும் மணலும்,
வாய்க்கால் கட்டுப் பாலை மரத்திலை தொங்கும்.
மாரி வந்தால் உமி ஊறிக் கல்லாகும்,
அப்பதான் அவளுக்கு அடிக்கப் பிடிக்கும்.
கையுறை ரெண்டு சோடி, நாங்கள் ஏழு பேர்.
முந்தினவளின்ரை வேர்வை காய முன்னம்
அடுத்தவள் கையை நுழைக்கோணும்.
அவளின்ரை கையுறைக்குள்ளை மட்டும்
எப்பவும் வேப்பெண்ணெய் மணக்கும்.

தேசியப் போட்டி. கொழும்பு. காலமை ஆறு மணி.
தராசு சொல்லிச்சு:
ஐம்பத்திநாலு கிலோவும் எண்பது கிராமும்.
ஒரு மணித்தியாலம் தந்தவை.
மழைக்கோட்டுப் போட்டு மாடிப்படி ஏறினாள், இறங்கினாள்,
போத்தலுக்குள்ளை துப்பினாள்,
துப்ப எச்சில் இல்லாமல் போச்சுது.
இருபது கிராம் குறைஞ்சுது.

நான் சொன்னன்,
துண்டைப் பற்றிச் சொல்லடி,
அது உன்ரை இறைச்சி இல்லை,
அதைக் கழிக்கச் சொல்லு.

என்ரை மூக்குடைஞ்ச அண்டு பாத்த அதே பார்வை.
"பின்னலை வெட்டு."

முதலுதவிப் பைக்குள்ளை ஒரு கத்திரிக்கோல்,
பிளாஸ்தர் வெட்டி வெட்டி மழுங்கினது.
மாட்டுக் கயிறு அறுக்கிறமாதிரி அறுத்தன்.
கண் கலங்கினது எனக்குத்தான்.
தராசிலை திரும்ப ஏறினாள்:
ஐம்பத்திநாலு. ஒரு கிராம் கூடேல்லை.

அண்டைக்குப் பின்னேரம் அறிவிப்பாளர்
அவளின்ரை பேரை நாலு துண்டாக்கி வாசிச்சார்.
மூண்டு சுற்றும் வாளி பிடிச்சது நான்.
நடுவர் உயர்த்தினது வலது கையை.
நோவிலை அவள் பல்லைக் கடிச்சதைப்
படம் எடுத்தவை சிரிப்பெண்டு போட்டவை.

நாலு வருசம் சம்பியன்.
விமான நிலைய வாசல் ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கத்தும்.
எக்ஸ்ரேயை உறையிலை போட்டுக் கொண்டு திரிஞ்சாள்,
கடவுச்சீட்டு மாதிரி.
காட்மண்டுவிலை வெண்கலம்.
வந்திறங்க மாலை, மேளம்,
பயிற்சி மண்டபத்துக்கு அடிக்கல்.
அடிக்கல் இருக்குது.
வெயிலுக்கு ஆடுகள் அதோடை சாய்ஞ்சு படுக்கும்.

அஞ்சாம் வருசம் மாத்தளைப் பெட்டை ஒருத்தி,
பத்தொன்பது வயது, அவளும் இடக்கை,
முதல் சுற்றிலையே.
பஸ்ஸிலை வரேக்கை மாங்குளம் மட்டும் ஒண்டும் பேசேல்லை.
மாங்குளத்திலை தேத்தண்ணி குடிச்சுப்போட்டு
"நல்லா அடிச்சவள்" எண்டாள்.
கையுறையை வேற ஆருக்கோ குடுத்தாள்.

இப்ப ஒட்டுசுட்டானிலை நெல்லு வாங்கிற இடத்திலை
தராசு அவளின்ரை பொறுப்பு.
ஈர நெல்லைக் கலந்து கொண்டு வாறவை
அவளின்ரை முகத்தைப் பாத்தே மூட்டையை இறக்காயினம்.
போன மாசம் எங்கடை நெல்லு ஏறேக்கை
"எண்பது கிராம் கூட விடமாட்டியோ" எண்டன்.
சிரிக்கேல்லை.
மூட்டையை ஒருக்காத் திருப்பி வைச்சு
திரும்பவும் நிறுத்தாள்.

பின்னல் என்னட்டைத்தான் இருக்குது.
அவள் கேக்கேல்லை.
ஒருநாள் முள்ளியவளையிலை நகைக்கடைத் தராசிலை வைச்சுப் பாத்தன்.
கடைக்காரர் என்னை ஒருமாதிரிப் பாத்தார்.

நாப்பத்தொரு கிராம்.

மிச்சப் பத்தொன்பதும்
அந்த மாடிப்படிக்கும் தராசுக்கும் இடையிலை
அவளிலை இருந்து என்னெண்டு இறங்கினதோ,
எனக்குத் தெரியாது.